யாரால் கொண்டுவரப்பட்டனர்?

வரலாற்றுப் பாடநூலில் பாடப்பகுதியை எல்லோரும் கவனமாகப் படித்துவிடுவார்கள். எழுதியவர், பாட வல்லுநர், மொழி திருத்துபவர் என்று மூன்று பேர் கண்ணாவது அதில் பட்டிருக்கும். படவிளக்கத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பக்க வடிவமைப்பு முடிந்து, படத்துக்குக் கீழே இரண்டு வரி இடம் மிச்சமிருக்கிறது என்று தெரிந்த பிறகு, அச்சுக்குப் போகிற அவசரத்தில் எழுதப்படுவது அது. அடிமைமுறை பற்றிய பாடத்தைச் சரிபார்க்கிறவர் முதலில் படிக்க வேண்டியதும் அதைத்தான்.

2015-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பள்ளிகளுக்குப் போன உலகப் புவியியல் புத்தகம் ஒன்று, வெளியிட்டது மெக்ரா-ஹில். குடியேற்றத்தைப் பற்றிய பகுதியில் ஒரு வரைபடம். 1500-களுக்கும் 1800-களுக்கும் இடையே அட்லாண்டிக் அடிமை வணிகம் ஆப்பிரிக்காவிலிருந்து பல பத்து லட்சம் ‘தொழிலாளர்களை’த் தென் மாநிலத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தது என்று அதன் விளக்கம் சொன்னது. மாணவர் ஒருவர் அதைப் படமெடுத்துத் தாய்க்கு அனுப்பினார். விஷயம் நாடெங்கும் பரவியது. பதிப்பகம் தவறை ஒப்புக்கொண்டது. அச்சான பிரதிகளுக்கு மேலே ஒட்டும் சீட்டோ, மாற்றுப் புத்தகமோ தருவதாகச் சொன்னது.

எல்லோரும் ‘தொழிலாளர்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். நியாயம்தான். ஆனால் அந்த வாக்கியத்தில் எண்ணிக்கையும் தவறு. கப்பல் பயணப் பதிவுகளைத் திரட்டிய அட்லாண்டிக் அடிமை வணிகத் தரவுத்தளத்தின் மதிப்பீட்டில், ஆப்பிரிக்கக் கரையில் ஏற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் பேர். உயிரோடு கரை இறங்கியவர்கள் 1 கோடியே 7 லட்சம். இதில் பிரேசிலுக்குப் போனவர்கள் மட்டும் 48 லட்சம் அளவில். இன்றைய அமெரிக்க ஐக்கிய நாடுகள் இருக்கும் நிலப்பகுதிக்கு ஆப்பிரிக்காவிலிருந்து நேரடியாக வந்தவர்களோ 4 லட்சத்துக்கும் குறைவு. ‘தொழிலாளர்’ இருந்த இடத்தில் ‘அடிமைகள்’ என்று சீட்டு ஒட்டினாலும் வாக்கியம் பிழையாகவே நிற்கும்.

1860 கணக்கெடுப்பில் அந்த நாட்டில் அடிமைகள் 39 லட்சத்துக்கும் மேல். நான்கு லட்சம் எப்படி நாற்பது லட்சமாயிற்று என்பதுதான் பாடத்தின் உள்ளடக்கமாக இருக்க வேண்டியது. பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்று 1662-இலேயே வர்ஜீனியா சட்டம் போட்டுவிட்டது. அடிமைப் பெண்ணுக்கு எஜமானனே தகப்பனானாலும் பிறக்கும் குழந்தை அவனுடைய சொத்து. இந்த ஒரு சட்டத்தை விட்டுவிட்டுப் பாடம் நடத்தினால் எண்கள் ஒன்றோடொன்று சேரவே சேராது. 1808-இல் இறக்குமதி தடைசெய்யப்பட்டது என்ற வரியோடு பத்தியை முடிப்பது இன்னொரு பழக்கம். படிக்கிற பிள்ளை, அதன்பின் அடிமைமுறை தேய்ந்துபோனது என்று எடுத்துக்கொள்ளும். நடந்தது வேறு. அடுத்த அரை நூற்றாண்டில் விற்கப்பட்டும், எஜமானர்களோடு நடத்திக் கூட்டிப்போகப்பட்டும் ஏறத்தாழ 10 லட்சம் பேர் வர்ஜீனியா போன்ற பழைய மாநிலங்களிலிருந்து மிசிசிப்பி, அலபாமா போன்ற ஆழ்தெற்கு மாநிலங்களின் பருத்திக் காடுகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

தமிழில் எழுதும்போது வரும் சிக்கல் இலக்கணத்தில் இருக்கிறது. பிரதியை எடுத்து ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாயைப் பென்சிலால் அடிக்கோடிட்டுப் பாருங்கள். ‘கொண்டுவரப்பட்டனர்’, ‘விற்கப்பட்டனர்’, ‘பயன்படுத்தப்பட்டனர்’ என்று பக்கம் முழுக்கச் செயப்பாட்டு வினையாக ஓடும்; ‘ஆல்’ உருபு ஏற்ற ஒரு பெயரும் இருக்காது. செய்தவன் இல்லாமலே எல்லாம் நடந்து முடிந்திருக்கும். ‘லிவர்பூல், பிரிஸ்டல், நாந்த் துறைமுக வணிகர்கள் அவர்களை வாங்கி, விலங்கிட்டு, கப்பலில் ஏற்றினர்’ என்று மாற்றினால் ஒரு வரி கூடும், பக்கம் வழியும். அந்த ஒரு வரிக்காக வடிவமைப்பாளரோடு சண்டை போடலாம், தப்பில்லை.

‘அடிமை’ என்ற சொல்லே இங்கே கொஞ்சம் வழுக்கும். ஆளையும் குறிக்கும், நிலையையும் குறிக்கும். போதாததற்கு, பக்தி இலக்கியத்தில் அடிமை செய்வது பேறு. ‘அடிமைப்படுத்தப்பட்டோர்’ என்றால் அது ஒருவர்மேல் பிறர் சுமத்திய நிலை என்பது விளங்கும். ஆனால் பத்திக்கு ஆறு இடத்தில் அது வந்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளை மூச்சுத் திணறும். முதல் தடவை நீளமாக எழுதிவிட்டு, அடுத்து ‘அந்தப் பெண்கள்’, ‘அந்தக் குடும்பங்கள்’ என்று மனிதராகச் சுட்டினால் போதும்.

படங்களில் அதிகம் அச்சாவது ‘புரூக்ஸ்’ கப்பலின் வரைபடம். 1788-இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் அடிமை வணிகத்தை எதிர்த்தவர்கள் வெளியிட்டது. அந்த ஆண்டு வந்த சட்டப்படி அந்தக் கப்பல் ஏற்றலாம் என்ற அளவு 454 பேர். அதற்கு முன்பு ஒரு பயணத்தில் அதே கப்பல் 609 பேர் வரை ஏற்றியிருந்தது. படத்தில் தெரிவது சட்டம் ‘சீர்திருத்திய’ பிறகான நெரிசல் என்பது விளக்கத்தில் வராவிட்டால் படம் பாதிதான் பேசும். அளவும் முக்கியம். கால் பக்கத்துக்குச் சுருக்கினால் மனித உருவங்கள் கரும்புள்ளிகளாகிவிடும். பக்கத்தின் முழு அகலத்துக்குக் குறையக் கூடாது.

எல்லாப் பிழையும் அவசரத்தில் வந்ததல்ல. 1920-ஐ ஒட்டி, அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861-65) அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் படைவீரர் வழிவந்த பெண்களின் சங்கத்தைச் சேர்ந்த மில்ட்ரெட் ரதர்ஃபோர்ட் பாடநூல்களுக்கு ஒரு ‘அளவுகோல்’ எழுதினார். அடிமை எஜமானர்களைக் கொடியவர்கள் என்று சொல்லும் புத்தகத்தை ஒதுக்கு என்பது அதில் ஒரு விதி. 1957-இல் வர்ஜீனியா அரசே எழுதவைத்த ஏழாம் வகுப்புப் புத்தகத்தில், நன்றாக உடுத்திய ஓர் ஆப்பிரிக்கக் குடும்பத்தை வெள்ளைக்காரர் ஒருவர் கைகுலுக்கி வரவேற்கிறார். அது வரைந்து சேர்த்த ஓவியம். தெரிந்தே செய்த வேலை. 2010-இல் அதே மாநிலத்தின் நான்காம் வகுப்புப் புத்தகமோ, ஆயிரக்கணக்கான கறுப்பர்கள் அந்தப் போரில் தெற்கின் பக்கம் நின்று போரிட்டார்கள் என்றும், தெற்கின் தளபதி ஸ்டோன்வால் ஜாக்சனின் தலைமையில் இரண்டு பட்டாளங்கள் இருந்தன என்றும் எழுதியது. ஆசிரியர் இணையத்திலிருந்து எடுத்தாராம். கறுப்பர்களைப் படையில் சேர்க்கத் தெற்கின் பேரவை அனுமதித்தது 1865 மார்ச்சில். ஜாக்சன் செத்தது 1863 மே மாதம். இரண்டு தேதிகளை அக்கம்பக்கம் வைத்திருந்தால் அந்த வரி அச்சுக்கே போயிருக்காது.

நம் பக்கத்துக்கு வந்தால், கைபார்க்க வேண்டியது ‘1833-இல் பிரிட்டிஷ் பேரரசு முழுவதும் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது’ என்ற வாக்கியம். அந்த ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய ஒழிப்புச் சட்டம் எஜமானர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. விடுவிக்கப்பட்டவர்களுக்கு ஒரு காசும் இல்லை. அதைவிட, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதிகளையும் இலங்கையையும் அந்தச் சட்டமே விலக்கி வைத்திருந்தது. தஞ்சாவூர்ப் பண்ணையில் அடிமையாக இருந்தவருக்கு 1833-இல் எதுவும் மாறவில்லை. கம்பெனி 1843-இல் போட்ட ஐந்தாம் சட்டமும் அடிமை வைத்திருப்பதைக் குற்றமாக்கவில்லை. ஒருவர்மேல் சொத்துரிமை கோரினால் நீதிமன்றம் அதை ஏற்காது என்றது, அவ்வளவே. ஆளை அடிமையாக வாங்குவதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றமானது, 1860-இல் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டம் 1862-இல் நடைமுறைக்கு வந்தபோது. ஆகவே ‘அடிமைமுறை ஒழிக்கப்பட்ட ஆண்டு எது?’ என்ற ஒரு மதிப்பெண் வினாவை அடித்துவிட்டு, ‘எந்தப் பகுதியில், எந்தச் சட்டத்தால், எந்த அளவுக்கு?’ என்று மூன்று மதிப்பெண்ணுக்கு மாற்றிக் கேட்க வேண்டும்.