இமையைப் பார்த்து மருந்து: மழைக்குப் பின் வெள்ளாட்டுப் பட்டியில் குடற்புழு நீக்கம்

வடகிழக்குப் பருவமழை விட்டு இரண்டு மூன்று வாரத்தில் சில ஆடுகளுக்குத் தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கும். கழிச்சல் இருக்காது, புழுக்கை கெட்டியாகவே விழும். அதனாலேயே புழு என்ற சந்தேகம் வருவதில்லை. நான்காம் இரைப்பையில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் ஹீமோன்கஸ் புழுவின் வேலை இது. ஒரு புழு நாளுக்குச் சுமார் 0.05 மி.லி. குடிக்கும், 500 புழு என்றால் 25 மி.லி. 20 கிலோ ஆட்டுக்கு உடம்பில் மொத்த இரத்தமே ஒன்றரை லிட்டருக்குள்தான்.

பட்டி முழுவதற்கும் ஒரே நாளில் மருந்து ஊற்றுவதை நிறுத்திவிட்டோம். அப்படிச் செய்தால் மருந்துக்குத் தப்பிய புழு மட்டுமே மிஞ்சி, அதன் குஞ்சுகளே மேய்ச்சல் நிலத்தை நிரப்பும். இரத்தம் குறைந்தால் இமையின் உட்புறம் வெளுக்கும்; அந்த நிறத்தை 1 முதல் 5 வரை படிகளாகக் காட்டும், தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா அட்டைதான் இப்போது வழிகாட்டி. நல்ல வெயில் வெளிச்சத்தில் கட்டைவிரலால் மேல் இமையை விழியின்மேல் லேசாக அழுத்தி, கீழ் இமையை இழுத்தால் உட்சதை எட்டிப்பார்க்கும். சட்டென்று பார்த்துவிட வேண்டும். பிடித்துக்கொண்டே இருந்தால் நிறம் மாறும். 1 நல்ல சிவப்பு, 5 வெளுப்பு. 4, 5 கட்டாயம் மருந்து. குட்டி, சினையாடு, பால் கொடுக்கும் ஆடு என்றால் 3-க்கே கொடுத்துவிடுவோம். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இந்தச் சோதனை. உண்ணி, பேன், ஈரல்புழு இருந்தாலும் இமை வெளுக்கும் என்பதை மறக்கக்கூடாது.

அதிகம் சறுக்குவது அளவில்தான். கண்மதிப்பில் எடை சொன்னால் பெரும்பாலும் குறைத்தே சொல்வோம். தராசு இல்லையென்றால் நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதையே அதனால் பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி 660-ஆல் வகுக்க வேண்டும். சுற்றளவு 28, நீளம் 25 என்றால் 30 கிலோ. செம்மறிக்கு ஃபென்பென்டசோல் என்ற குடற்புழு மருந்து உடல் எடை கிலோவுக்கு 5 மி.கி.; வெள்ளாட்டின் ஈரல் மருந்தை வேகமாகக் கழித்துவிடுவதால் மருத்துவர் 10 எழுதுவார். ஆக 30 கிலோ வெள்ளாட்டுக்கு 150 மி.கி. மாத்திரை இரண்டு. அல்பென்டசோல் என்ற இன்னொரு குடற்புழு மருந்தைச் சினையின் தொடக்கத்தில் தொடவே கூடாது.

மருந்து நாக்கின் பின்பக்கம் விழ வேண்டும். வாயின் முன்னால் ஊற்றினால் பெருவயிற்றைத் தாண்டி ஓடி, பலன் குறையும். தலையை அண்ணாந்து பிடித்தால் புரையேறி நுரையீரலுக்குள் போகும்.

மருந்து கொடுக்கும் அன்றும், சரியாக 14-ஆம் நாளும், அதே ஆடுகளின் ஆசனவாயிலிருந்து எடுத்த புழுக்கையைப் பாலித்தீன் பையில் குளிர்ச்சியாக வைத்துக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்து அதிலுள்ள புழு முட்டைகளை எண்ணச் சொல்கிறோம். வெக்கையில் கிடந்தால் ஒரே நாளில் முட்டை பொரிந்து கணக்கு கெட்டுவிடும். எண்ணிக்கை 95 சதவீதமாவது குறையவில்லை என்றால், அளவும் சரியாக இருந்திருந்தால், மருந்து வகையையே மாற்ற வேண்டும். வேறு பெயரில் அதே வகையை வாங்கி வருவது வீண் செலவு.

பனி காயும் முன் பட்டியைத் திறப்பதில்லை. ஈரப் புல்லில்தான் இளம்புழு மேலேறி நிற்கும்.