ஒரு நிமிடம் முழுதாக எண்ணுதல்

தர்மபுரியில் செவிலியர் பட்டயப் படிப்பு மாணவிகளுக்குக் குழந்தைகள் நலச் செவிலியம் கற்பிக்க வருவதற்கு முன்னால், பதினொரு ஆண்டுகள் குழந்தைகள் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். அங்கே நான் கற்றவற்றுள் மாணவிகளிடம் கொண்டுசேர்க்க இன்றுவரை நான் திணறுவது, பார்வைக்கு மிக எளிதாகத் தோன்றும் ஒரு வேலையைத்தான்: குழந்தையின் மூச்சை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுவது.

பச்சிளம் குழந்தையின் மூச்சு ஒரே சீராக ஓடுவதில்லை. சில நொடிகள் வேகமாக ஓடி, சற்றே நின்று, மறுபடி தொடரும். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு மூச்சு தவறினாலும் கணக்கில் நான்கு குறைந்துவிடும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது நிறையும் வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40, இந்த அளவையோ அதற்கு மேலேயோ எட்டினால் அது வேகமான மூச்சு என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. எனவே இருமலோடு வந்த எட்டு மாதக் குழந்தைக்கு 48 என்று எழுதுவதற்கும் 52 என்று எழுதுவதற்கும் இடையில், சாதாரணச் சளி என்று வீட்டுக்கு அனுப்புவதா, நிமோனியா என்று மருந்து தொடங்குவதா என்ற முடிவு இருக்கிறது. அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணக் கூடாது என்பதால், ஒரு நிமிடம் எண்ணுவதற்காகப் பத்து நிமிடம் அருகில் காத்திருக்க வேண்டியும் வரலாம். அந்தப் பத்து நிமிடத்தை மாணவிக்கு நாம் தருகிறோமா என்பதே என் கேள்வி.

எனக்கும் யாரும் தரவில்லை, நானாகவும் எடுத்துக்கொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், ஓர் இரவுப் பணியின்போது, ஒரு தாய் என்னிடம் வந்து, “பால் குடிக்க மாட்டேங்குது சிஸ்டர், வயிறு எக்கி எக்கி வாங்குது” என்று சொன்னார். போர்வைக்கு மேலாகப் பார்த்துவிட்டு, தூங்குகிறது என்று நினைத்து, மூச்சுக்கான கட்டத்தில் 40 என்று எழுதினேன். நான் எண்ணவில்லை. விடியற்காலையில் மருத்துவர் சட்டையை விலக்கியபோது விலா எலும்புகளுக்குக் கீழே மார்பு உள்ளிழுத்துக்கொண்டிருந்தது. ஒன்பது நாள் கழித்து அந்தக் குழந்தை நலமாகவே வீடு திரும்பியது என்றாலும், அந்தத் தாய் தன் சொற்களில் மிகச் சரியாகச் சொன்னதை நான் கேட்காமல் போனேன் என்பது மாறப்போவதில்லை.

பாடத்திட்டத்தில் குறை என்று நான் சொல்ல மாட்டேன். பட்டயப் படிப்பில் இரண்டாம் ஆண்டிலும், 2021ஆம் ஆண்டு இந்திய செவிலியர் மன்றம் திருத்திய பி.எஸ்சி. பாடத்திட்டத்தில் ஐந்தாம், ஆறாம் பருவங்களிலும் இந்தப் பாடம் முறையாகவே வைக்கப்பட்டிருக்கிறது. சிக்கல் வார்டில் தொடங்குகிறது. ஒரே வார்டுக்குப் பல கல்லூரிகளின் மாணவிகள் வருகிறார்கள். ஒரு கட்டிலைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள். சீருடையைக் கண்டாலே ஊசி என்று அஞ்சும் குழந்தை வீரிட்டு அழுகிறது. அதன் பிறகு எதை எண்ணுவது? மிச்சமிருக்கும் நேரத்தை ரெக்கார்டு நோட்டு விழுங்குகிறது. குழந்தையின் எடை உட்பட மூத்த மாணவியின் நோட்டிலிருந்து அப்படியே படியெடுக்கப்பட்ட பராமரிப்புத் திட்டங்களை நான் திருத்தியிருக்கிறேன். அந்த மாணவிகளைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் நோட்டுக்கு மதிப்பெண் தரும் நாங்கள், கட்டிலருகே அமைதியாக உட்கார்ந்திருந்த மாணவிக்கு எதையும் தந்ததில்லை.

எடை என்றதும் மருந்துக் கணக்கையும் சொல்லியாக வேண்டும். பெரியவர்கள் வார்டில் பாராசிட்டமால் என்றால் ஒரு மாத்திரை. குழந்தைக்கோ கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று கணக்கிட்டால், ஆறு கிலோ குழந்தைக்கு 90 மில்லிகிராம் வருகிறது. சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் ஐந்து மில்லியில் 125 மில்லிகிராம் இருக்கும். முன்னதில் 0.9 மில்லி, பின்னதில் 3.6 மில்லி. சிரப்புக்கான அளவைச் சொட்டு மருந்துப் பாட்டிலிலிருந்து எடுத்துவிட்டால் நான்கு மடங்கு மருந்து உள்ளே போய்விடும். கரும்பலகையில் இந்தக் கணக்கைப் பிழையில்லாமல் போடும் மாணவி, இரவு இரண்டு மணிக்கு, மூன்று குழந்தைகள் ஒரே நேரத்தில் அழும்போதும் பிழையில்லாமல் போட வேண்டுமென்றால், பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு லேபிளை உரக்கப் படித்துப் பழகியிருக்க வேண்டும்.

எங்கள் வட்டாரத்துக்கே உரிய சிரமம் மொழி. சித்தேரி மலையிலிருந்து வரும் பாட்டி வயிற்றுப்போக்கை மாந்தம் என்பார்; வரும் வழியில் உரை மருந்து புகட்டியிருப்பார்; அதைக் கேட்டறியாமல் கண்டிக்கத் தொடங்கினால் அடுத்த கேள்விக்கு உண்மையான பதில் கிடைக்காது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தளிப் பக்கத்துக் கிராமங்களில் கன்னடமும் தெலுங்கும் வீட்டுமொழி. கன்னடத்தில் உசிரு என்றால் மூச்சு. அதை உயிர் என்று புரிந்துகொண்ட என் மாணவி ஒருத்தி, குழந்தை பிழைக்குமா என்று கேட்கும் தாயாக நினைத்து ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தத் தாய் சொல்ல முயன்றதோ மூச்சு வாங்குகிறது என்பதை.

இப்படித் தட்டுத் தடுமாறிக் கற்றவர்களையும் நாம் அதே வார்டில் நிறுத்திவைப்பதில்லை. பச்சிளம் குழந்தைப் பராமரிப்பில் ஓராண்டு மேற்பட்டயம் முடித்தவரைக்கூட சுழற்சி என்ற பெயரில் வேறு வார்டுக்கு மாற்றுவதைப் பார்த்திருக்கிறேன். குழந்தைகள் நலத்தில் எம்.எஸ்சி. முடித்தவர்களில் பலர் என்னைப் போலவே வகுப்பறைக்கு வந்துவிடுகிறோம். நோயாளியின் அருகில் இருந்தபடியே பதவியும் ஊதியமும் உயர வழியிருந்தால் நான் அங்கேயே இருந்திருப்பேன்.

இப்போது நான் மாணவிகளை வார்டுக்கு முன்னால் அங்கன்வாடிக்கு அழைத்துச் செல்கிறேன். மதிய உணவுக்குப் பின் உறங்கும் பிள்ளைகளின் அருகே, தாய்மாரின் அனுமதியோடு, சட்டையைச் சற்றே உயர்த்தி, வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து, ஆளுக்கு ஐந்து பிள்ளைகளின் மூச்சை எண்ணுகிறார்கள். நலமான மூச்சு கண்ணுக்குப் பழகிய பிறகே வார்டுக்குள் வருகிறோம். அங்கும் ஒரு குழந்தைக்கு ஒரு மாணவிதான்.

சென்ற வாரம் அப்படி வந்த ஒருத்தி, பத்து மாதக் குழந்தையின் அருகே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். “என்ன கண்ணு, பாத்துக்கிட்டே இருக்க?” என்று பாட்டி கேட்க, “கொஞ்சம் இருங்க ஆயா, எண்ணிக்கிட்டிருக்கேன்” என்றாள். 54 வந்தது. சந்தேகப்பட்டு மறுபடி எண்ணினாள், 56. என்னிடம் வந்து கேட்காமல், நேரே டியூட்டி சிஸ்டரிடம் போய் இரண்டு எண்களையும் சொல்லி, மருத்துவரை அழைக்கச் சொன்னாள்.