கெய்ரோ நாட்குறிப்பு: கொடியில் ஒரு கழுகு

பிப்ரவரி 27

எங்கே திரும்பினாலும் எகிப்துக் கொடி. சிவப்பு, வெள்ளை, கறுப்பு; நடுவில் பொன்னிறக் கழுகு. 12ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியின் (சலாதின்) கழுகு என்றுதான் சொல்கிறார்கள். 1952இல் மன்னராட்சியை வீழ்த்திய ராணுவ அதிகாரிகள் எடுத்துக்கொண்ட சின்னம் இது. 1972இல் நபிகளின் குலமான குறைஷியரின் பருந்துக்கு இடம்விட்டது, 1984இல் திரும்பி வந்தது. ஈராக்கும் பாலஸ்தீனமும்கூட இதே கழுகைத்தான் வைத்திருக்கின்றன.

மார்ச் 1

இன்று கோட்டைக்குப் போனேன். டாக்சியில் "அல் கல்ஆ" என்றால் போதும்.

முகத்தம் குன்றின் சரிவில் 1176இல் ஸலாஹுத்தீன் இதைக் கட்டத் தொடங்கினார். வேலையைப் பார்த்துக்கொண்டவர் அமீர் கராகூஷ். கீஸாவில் இருந்த சிறிய பிரமிடுகளை உடைத்துக் கல் கொண்டுவந்தார்கள். 1183இல் இங்கு வந்த பயணி இப்னு ஜுபைர், சிறைபிடிக்கப்பட்ட கிறிஸ்தவர்கள் கல் அறுப்பதையும் அகழி தோண்டுவதையும் எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு வந்ததால் சுவரைத் தொடவே கொஞ்சம் தயக்கமாக இருந்தது.

பாறையைக் குடைந்து ஏறக்குறைய 90 மீட்டர் ஆழத்துக்கு இறக்கிய கிணறும் உண்டு. பாதி ஆழத்தில் மாடுகளைக் கட்டிச் சக்கரம் சுற்றி நீரை மேலேற்றினார்களாம். பெயர் யூசுஃப் கிணறு. யூசுஃப் நபியின் கிணறு என்று நினைத்துவிடுவார்கள். ஸலாஹுத்தீனின் இயற்பெயரே யூசுஃப்தான்.

வருகிறவர்கள் எல்லாம் முகமது அலி பள்ளிவாசலைப் படம்பிடித்துவிட்டுத் திரும்புகிறார்கள். அது 19ஆம் நூற்றாண்டுக் கட்டடம். எனக்கு வேண்டியது மேற்குச் சுவர். அங்கே உயரத்தில் அந்தக் கல் கழுகு, தலை இல்லாமல். அது ஸலாஹுத்தீனுடைய சின்னம்தானா என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. கீழே நின்று கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன்.

மார்ச் 4

1193இல் இதே நாளில் டமாஸ்கஸில் ஸலாஹுத்தீன் இறந்தார். பிறந்தது இன்றைய ஈராக்கின் திக்ரித்தில், குர்து குடும்பத்தில். எகிப்தில் ஃபாத்திமிய ஆட்சியை 1171இல் முடித்துவைத்தவர், 1182இல் சிரியாவுக்குக் கிளம்பினார். அப்புறம் இந்த மண்ணுக்குத் திரும்பவே இல்லை. சிலுவைப் போர் வீரர்களிடமிருந்து ஜெருசலேமை மீட்டது 1187இல். கோட்டையை முடித்துக் குடியேறியது அவருடைய தம்பி மகன் அல் காமில். அதன்பின் 1874 வரை எகிப்தை ஆண்டவர்கள் பெரும்பாலும் அங்கிருந்தே ஆண்டார்கள்.

ஸலாஹுத்தீன் இறந்தபோது கருவூலத்தில் 47 திர்ஹமும் ஒரே ஒரு பொற்காசும்தான் இருந்தனவாம். உடனிருந்த நீதிபதி பஹாவுத்தீன் இப்னு ஷத்தாத் எழுதிவைத்தது.

சாயங்காலம் மறுபடி அந்தச் சுவரடிக்குப் போனேன். வெளிச்சம் போகும்வரை நின்றிருந்தேன்.