பாட்டியின் கண்ணில் செங்கல்

மதுரையில் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடையில் டிசைனராக இருக்கிறேன். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று பதினோரு வருடமாக ஊராரின் முகங்களை வெளுப்பாக்கி, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் போட்டுப் பிழைப்பவன். அதனால் கார்ட்டூனுக்குக் கலர் அடிப்பதெல்லாம் ஒரு வேலையா என்ற நினைப்பு எனக்கு இருந்தது. அந்த நினைப்பு என்னை விட்டுப் போக மூன்று வாரம் ஆனது.

நான் சொந்தமாக வரைந்த கார்ட்டூன் படம் சின்னதுதான். கீரைக்காரப் பாட்டி தலையில் கூடையோடு தெருவில் நடந்து வருகிறார், கூடையை இறக்குகிறார், வெற்றிலைச் சிவப்போடு சிரிக்கிறார். மொத்தம் 12 வினாடி. வினாடிக்கு 24 ஃப்ரேம், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் 24 அசையாப் படம். ஒவ்வொரு ஓவியத்தையும் இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினால் 144 ஓவியம். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து கோட்டு ஓவியம் அத்தனையும் முடித்துவிட்டேன். கலர் பத்து நாளில் முடிந்துவிடும் என்று அக்கா மகளிடம் சொல்லியும் வைத்தேன்.

முதல் சறுக்கல், கையில் இருந்த பழக்கம். பேனரில் முகத்துக்கு நிழல் கொடுப்பது போலவே பாட்டியின் கன்னத்திலும் மெத்தென்ற பிரஷ்ஷை வைத்து இழைத்தேன். ஒரு ஓவியத்தைத் தனியாகப் பார்த்தால் அப்படியே சினிமா போஸ்டர். முப்பது ஓவியம் முடித்து ஓட்டிப் பார்த்தேன். பாட்டியின் கன்னம் உலையில் வைத்த சோறு மாதிரி கொதித்தது. ஓவியத்துக்கு ஓவியம் நிழல் துளி கூடியும் குறைந்தும் இருந்திருக்கிறது. நிறுத்தி வைத்தால் கண்ணுக்குப் பிடிபடாத அந்த வித்தியாசம், ஓடும்போது பல்லைக் காட்டிவிட்டது.

காரணம் யோசித்தபோதுதான் புரிந்தது. இழைத்த நிழலுக்கு விளிம்பு கிடையாது. விளிம்பு இல்லாததை அடுத்த ஓவியத்தில் எதை வைத்து ஒத்துப் பார்ப்பது? செல்லுலாய்டு தாளின் பின்பக்கம் பெயிண்ட் அடித்த காலத்திலேயே கார்ட்டூன்காரர்கள் வெளிச்சத்துக்கு ஒரு நிறம், நிழலுக்கு ஒரு நிறம், நடுவே கத்தியால் வெட்டியது போல எல்லை என்று வைத்ததில் விஷயம் இருந்திருக்கிறது. நிழலும் ஒரு கோடுதான். மூக்கை எப்படி ஒவ்வொரு ஓவியத்திலும் வரைகிறோமோ அப்படி நிழலின் எல்லையையும் வரைந்தாக வேண்டும். முப்பது ஓவியத்தையும் அழித்தேன்.

நான் பயன்படுத்தியது ஓப்பன்டூன்ஸ். டூன்ஸ் என்ற பெயரில் இத்தாலியில் பிறந்து, ஜப்பானில் ஸ்டுடியோ ஜிப்லி என்ற அனிமேஷன் நிறுவனம் பல வருடம் கையாண்ட மென்பொருள். 2016இல் அதை ட்வாங்கோ என்ற ஜப்பானிய நிறுவனம் வாங்கி எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. நம்மைப் போன்றவர்களுக்கு அந்த விலைதான் முதல் தகுதி. ஆனால் உள்ளே போனால் முதல் கேள்வியே குழப்பும். வரையும் லெவல், அதாவது ஓவிய வரிசை, எந்த வகை என்று கேட்கும். சாதாரண ராஸ்டர், டூன்ஸ் ராஸ்டர், டூன்ஸ் வெக்டர். ராஸ்டர் என்றால் புள்ளி புள்ளியாகச் சேர்ந்த ஓவியம், வெக்டர் என்றால் கணக்காகச் சேமித்த கோடு. பெயர் தெரிந்ததாக இருக்கிறதே என்று சாதாரண ராஸ்டரை எடுத்திருந்தேன். அது நம் ஃபோட்டோஷாப் மாதிரி, அடித்த நிறம் அடித்ததுதான். டூன்ஸ் ராஸ்டர் அப்படியில்லை. ஒவ்வொரு பிக்சலும் கோட்டின் நிறத்துக்கு ஒரு எண், நிரப்பிய நிறத்துக்கு ஒரு எண், இரண்டும் எவ்வளவு கலந்திருக்கின்றன என்பதற்கு ஒரு அளவு என்று மூன்றைச் சுமக்கிறது. நிறம் என்பது பேலட் என்ற நிறப் பட்டியலில் இருக்கும் எண். பேலட்டில் மாற்றினால் 144 ஓவியத்திலும் மாறும். கோட்டுக்கும் நிறத்துக்கும் நடுவே வெள்ளைப் பிசிறு நிற்கும் தொல்லையும் இல்லை. இதைத் தெரிந்துகொண்ட அன்று என் கோட்டோவியம் முழுவதையும் இந்த வகைக்கு மாற்றவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

அடுத்தது ஒழுகல். புடவைக்குள் பெயிண்ட் பக்கெட்டைக் கவிழ்த்தால் பாட்டிக்குப் பதிலாகத் தெருவே பச்சையாகும். முழங்கையருகே இரண்டு பிக்சல் இடைவெளி இருந்திருக்கும். ஆட்டோக்ளோஸ் என்ற வசதி இத்தகைய சின்ன இடைவெளிகளைத் தானே அடைக்கும். எவ்வளவு தூரம் வரை அடைக்கலாம் என்று எண்ணைக் கூட்டிக்கொண்டே போனேன். அது பாட்டியின் விரல்களுக்கு நடுவிலும் கோடு போட்டுத் தைத்துவிட்டது, வாத்தின் பாதம் மாதிரி. கடைசியில் எண்ணைக் குறைத்து வைத்துவிட்டு, பெரிய ஓட்டைகளைக் கையாலேயே அடைத்தேன். இப்போதெல்லாம் வரையும்போதே ஒரு கோடு இன்னொன்றைத் தொடும் இடத்தில் கொஞ்சம் தாண்டி இழுத்துவிடுகிறேன்.

முதல் ஃப்ரேமிலும் கடைசி ஃப்ரேமிலும் சொடுக்கினால் நடுவில் உள்ளதையெல்லாம் தானே நிரப்பும் வசதியும் உண்டு. புடவைக்கு அருமையாக வேலை செய்தது. ஆனால் அது இரண்டு புள்ளிக்கும் நடுவே நேர்கோட்டில் போய்க்கொண்டே நிரப்புகிறது, வழியில் என்ன வருகிறது என்று பார்ப்பதில்லை. வீசி நடந்த கை குறுக்கே வந்த ஐந்து ஓவியத்தில் பாட்டிக்குப் பச்சைக் கை.

இந்த இடத்தில் சுங்குடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மதுரைக்காரன் என்பதால் பாட்டிக்குச் சுங்குடிப் புடவைதான் கட்டிவிட்டிருந்தேன், உடம்பெல்லாம் புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் மடிப்போடு சேர்ந்து நகர வேண்டும், 144 முறை. புள்ளிகளை ஒரே டெக்ஸ்சராக, அதாவது நிறத்துக்குப் பதில் நிரப்பும் துணிப் படமாகப் போட்டு ஏமாற்றலாமா என்று பார்த்தேன். பாட்டி நகர்ந்தார், புள்ளிகள் நின்ற இடத்திலேயே நின்றன, ஏதோ ஜன்னல் வழியாகத் துணிக்கடையைப் பார்ப்பது போல. புள்ளியை எடுத்துவிட்டுக் கரையை மட்டும் வைத்துக்கொண்டேன். மனசு கேட்கவில்லைதான்.

நிழலுக்கு வருகிறேன். இதில்தான் அதிக நாள் போனது. ஜப்பானிய ஸ்டுடியோக்களில் நிழல் எல்லையை வண்ணப் பென்சிலால் தனியாக வரைவார்கள். நானும் அதற்குச் சிவப்புக் கோடு வைத்தேன். இரண்டு பக்கமும் நிறம் நிரப்பிய பிறகு, நிறம் நிரப்பும் ஃபில் டூலைக் கோடுகளுக்கு மட்டும் என்று மாற்றி, அந்தச் சிவப்பைத் தொட்டால் அதுவும் நிழல் நிறமாகிக் கரைந்துபோகும். தோலில் தோலின் நிழல், புடவையில் புடவையின் நிழல்.

எங்கெல்லாம் நிழல் என்பதில் முதலில் பேராசைப்பட்டேன். கண் குழி, மூக்கோரம், கழுத்துச் சுருக்கம், புடவையில் ஏழு மடிப்பு. எதுவும் நிற்கவில்லை, எல்லாம் நெளிந்தன. குறைத்துக் குறைத்து நான்கு இடத்துக்கு வந்தேன்: கூடையால் நெற்றியில் விழும் நிழல், தாடைக்குக் கீழே, வெயில் படாத பக்கத்துக் கை, புடவையில் இரண்டே மடிப்பு. நெற்றி நிழல் அப்போதும் குதித்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக வரைந்துகொண்டு போனதுதான் தப்பு. முக்கியமான ஓவியங்களில் மட்டும் எல்லையை முதலில் வைத்து, ஆனியன் ஸ்கின்னில் முன்னதும் பின்னதும் மங்கலாகத் தெரிய, நடுவில் உள்ளதைப் பிறகு வரைந்தேன். கூடை ஆட, நிழலும் அதோடு ஆடியது.

நிறத்தைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு பாடாகிவிட்டது. பாட்டி நல்ல மாநிறம். அதோடு கருப்பைக் கலந்து நிழலாக்கினால் முகத்தில் கரி பூசிய மாதிரி ஆகிவிடுகிறது. நான் பார்த்த பாடங்களெல்லாம் ரோஜா நிறத் தோலுக்குச் சொன்னவை, நம் பாட்டிக்கு உதவவில்லை. சாயல், செறிவு, வெளிச்சம் என்ற மூன்று எண்ணையும் தனித்தனியாக நகர்த்திப் பார்த்தேன். தோல் 22, 55, 60. நிழல் 10, 65, 42. அதாவது கருமையோடு கொஞ்சம் சிவப்புப் பக்கமாகவும் சாய வேண்டும். புடவைப் பச்சையின் நிழலை நீலத்தின் பக்கம் தள்ளினேன். மானிட்டரில் பளிச்சென்று தெரிந்த நிழல், கடை வாசலில் வெயிலில் நின்று ஃபோனில் பார்த்தால் காணாமல் போனது. அதன் பிறகு படத்தைக் கருப்பு வெள்ளையாக்கிப் பார்த்துத்தான் எந்த நிழலையும் உறுதி செய்தேன். அதில் தெரியாத நிழல், வெயிலில் ஃபோனிலும் தெரியாது.

எல்லாம் முடிந்தது என்று அக்கா மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். பின்னணியில் செங்கல் சுவர், அதன் முன்னே பாட்டி கூடையை இறக்கிச் சிரிக்கிறார்.

"மாமா, பாட்டி கண்ணுக்குள்ள செங்கல் தெரியுது."

உண்மைதான். கண்ணின் வெள்ளை, பல், கூடையில் கீரைக்கு நடுவே உள்ள சின்னச் சின்ன இடைவெளிகள் எதற்கும் நான் நிறமே கொடுக்கவில்லை. வெள்ளைத் திரையில் வேலை பார்த்ததால் அவை வெள்ளையாகத் தெரிந்தன. பேலட்டில் பூஜ்யம் எண் என்றால் ஒன்றுமில்லை, கண்ணாடி. பின்னால் சுவர் வந்ததும் சுவர் தெரிகிறது. பாட்டிக்குப் பின்னால் கண்ணைக் குத்தும் மெஜந்தாவை வைத்துக்கொண்டு 144 ஓவியத்தையும் மறுபடி ஒரு சுற்று பார்த்தேன். ஓட்டை இருந்த இடமெல்லாம் மெஜந்தா எட்டிப் பார்த்தது. ஃப்ளெக்ஸ்காரனுக்கு அந்த நிறம் உதவியது அன்றைக்குத்தான். கீரைக் கூடைக்கு மட்டும் இரண்டு ராத்திரி.

அப்புறம், இத்தனைக்கும் சேர்த்து ஒரு பலன் கிடைத்தது. நடுவில் காலை வெயிலை உச்சி வெயிலாக மாற்றினால் என்ன என்று தோன்றியது. பேலட்டை நகலெடுத்து, பதினான்கு நிறத்தையும் கொஞ்சம் வெளிறச் செய்து, நிழல்களை இன்னும் அழுத்தினேன். டீ ஆறுவதற்குள் பாட்டி மத்தியானத்துக்கு வந்துவிட்டார். எல்லையெல்லாம் காலை வெயிலுக்கு வரைந்தது, அதனால் உற்றுப் பார்த்தால் சூரியன் இருக்கும் இடம் தப்பு. கடைசியில் காலையையே வைத்துக்கொண்டேன்.

இப்போது படம் அக்கா வீட்டு டிவியில் ஓடுகிறது. 61ஆவது ஓவியத்தில் மூக்குத்தி இல்லை. ரெண்டர், அதாவது ஓவியங்களை வீடியோவாக்கும் வேலை, முடிந்த பிறகுதான் பார்த்தேன்.