மாமாவின் பி கிளாஸ் பைப்

எங்கள் வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு. ஆறு இருக்கும், தண்ணி இருக்காது. கோட்டை இருக்கும், ராஜா இருக்க மாட்டார். கோயில் இருக்கும், சாமி இருக்காது. இதில் சாமி 1981-லேயே ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். பாலாறும் 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடிக் காட்டிவிட்டது. ராஜாவை இனிமேல் எதிர்பார்ப்பதற்கில்லை. பாக்கி இருந்தது எங்கள் வீட்டு மாடி பாத்ரூம். குழாய் இருக்கும், தண்ணி இருக்காது.

சுத்தமாக வராது என்று சொன்னால் பொய். வரும். பக்கெட்டை வைத்துத் திறந்துவிட்டுக் கீழே வந்து, ரசத்துக்குத் தாளித்து, அத்தையோடு ஒரு சின்ன மனத்தாங்கலையும் முடித்துக்கொண்டு மேலே போனால் பாதி பக்கெட் இருக்கும்.

சத்துவாச்சாரியில் இந்த வீட்டை 1992-ல் மாமா கட்டினார். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். கட்டும்போது லீவு போட்டுப் பக்கத்தில் நின்று, செங்கல் செங்கலாக அளந்து பார்த்தவர். அதனால் வீட்டில் எதைக் குறை சொன்னாலும் அது அவர் மேல் எழுதிப்போட்ட மொட்டைக் கடிதம் மாதிரிதான். "மாமா, மாடியில் தண்ணி வரலை" என்றால், "டேங்க்கைப் பார்த்தியா?" என்பார். டேங்க் நிறைய இருக்கிறது என்றால், "குழாயை முழுசாத் திறந்தியா?" என்பார். அதற்கு மேல் மருமகள் பேச முடியாது.

கடைசியில் மாமாவை அசைத்தது என் நாத்தனார் ஜாதகம். குடியாத்தத்தில் இருந்து ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள், ஒரு வேன் நிறைய ஆள் என்று செய்தி வந்தது. கீழே இருப்பது ஒரே பாத்ரூம். "வர்றவங்க மாடிக்குப் போய்க் குழாயைத் திறந்துட்டு நிக்கணுமா? முதல்ல பிளம்பரைக் கூப்பிடுங்க" என்று அத்தை ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

பிளம்பர் அண்ணன் கொணவட்டம் பக்கத்து ஆள். கூடவே எடுபிடிக்கு ஒரு பையன். வந்ததும் குழாயைத் திறந்தார், மூடினார், ஸ்பானரின் பின்பக்கத்தால் சுவரை நாலு தட்டுத் தட்டினார். அப்புறம் அந்தத் தொழிலில் முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள் போலிருக்கிற கேள்வியைக் கேட்டார்.

"எவன் சார் போட்டான் இத?"

மாமா கண்ணாடியைக் கழற்றினார். "நான்தான் பக்கத்துல நின்னு போட வெச்சேன்."

அண்ணன் கண்கூட இமைக்கவில்லை. "அதான் சார் இத்தினி வருஷம் தாங்கிகீது."

அன்றைக்கு முழுவதும் எங்கள் வீட்டில் நடந்த வேலைகளிலேயே சுத்தமான வேலை அதுதான்.

சுவருக்குள் ஓடுவது ஜிஐ பைப், அதாவது நாகம் பூசிய இரும்பு, உள்ளே அடைத்திருக்கும் என்றார் அண்ணன். மாமா ஒப்புக்கொள்ளவில்லை. "மெலிசா இருக்கற ஏ கிளாஸ்னா மஞ்சள் கோடு, தடியான சி கிளாஸ்னா சிவப்பு. நான் போட்டது நடுத்தரம், பி கிளாஸ். நீலக் கோடு. ஒவ்வொரு ஜாயிண்டுக்கும் சணல் சுத்தி, வெள்ளை ஈயம் பூசி ஏத்தினது. இப்ப மாதிரி டேப்பைச் சுத்திட்டுப் போற வேலை இல்ல." அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே ஹாக்சா பிளேடை மாட்டினார்.

அறுத்து எடுத்த துண்டு ஒரு ஜாண் நீளம் இருக்கும். வெளியே பார்த்தால் ஒரு குறையும் இல்லை. நீலக் கோடுகூட லேசாகத் தெரிந்தது. உள்ளே பார்த்தால்தான் விஷயம். சுற்றிலும் காவி நிறத்தில் துரு முடிச்சு முடிச்சாகப் பொங்கி, அதன் மேல் உப்பு வெள்ளையாகப் படிந்து, அதற்கும் மேல் இன்னொரு சுற்றுத் துரு. நட்ட நடுவில் கோணல்மாணலாக ஒரு சந்து. மாமா சட்டைப் பையில் இருந்து பென்சிலை எடுத்து நுழைத்துப் பார்த்தார். போகவில்லை. பேனாவைக் கழற்றி ரீஃபிலை நுழைத்தார். அது போனது.

"போர் தண்ணி சார். உப்பு. மொதல்ல நாகப் பூச்சு போயிடும், அப்பால இரும்ப தின்னும். உள்ளயே வளரும்."

மாமா அந்தத் துண்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்து நான் காபி போடப் போனேன். திரும்பி வந்தால் மனிதர் மலர்ந்த முகத்தோடு இருக்கிறார். "பார்த்தியாம்மா? ரீஃபில் போற சந்துலயும் தண்ணி கொடுத்திருக்கு! அதுதான் பி கிளாஸ்!"

சுவரை உடைத்தால் டைல்ஸ் போய்விடும், அதே டைல்ஸ் இனி எங்கேயும் கிடைக்காது. அதனால் பழைய லைனை அப்படியே சுவருக்குள் விட்டுவிட்டு, டேங்க்கில் இருந்து வெளிச்சுவர் வழியாகப் புதிதாக சிபிவிசி பிளாஸ்டிக் பைப் இறக்குவது என்று முடிவானது. நடுவில் என் வீட்டுக்காரர், சீலிங்கில் இருந்து மழை மாதிரி கொட்டுகிற ஷவர் வேண்டும் என்று மெல்ல ஆரம்பித்தார். அண்ணன் மொட்டை மாடியை நிமிர்ந்து பார்த்தார். "டேங்க்குக்கும் ஷவருக்கும் அஞ்சடி கூட இல்ல சார். பத்தடி எறங்கினாலே நாலு பவுண்டு பிரஷர்தான் வரும். மழை வராது, தூறல் போடும். மோட்டார் பம்பு தனியா வெக்கணும்." மோட்டார் பம்பின் விலையைக் கேட்டதும் வீட்டுக்காரருக்கு மக்கில் மொண்டு குளிப்பதே உடம்புக்கு நல்லது என்று தோன்றிவிட்டது.

அடுத்தது சாமான் வாங்குகிற படலம். சிமெண்ட் மூட்டைக் காகிதத்தைக் கிழித்து, காதில் செருகியிருந்த பேனாவால் அண்ணன் எழுதிக் கொடுத்தார். முக்கா பைப், முக்கா எல்போ, முக்கா-அரை ரெட்யூசர், அரை எல்போ, பிராஸ் எல்போ, டேங்க் நிப்பிள், பால் வால்வு, சொல்யூஷன் சின்னது. நான் போகிறேன் என்று கிளம்பிய வீட்டுக்காரரை உட்கார வைத்துவிட்டு மாமாவே போனார், தன் ஸ்டீல் ஸ்கேலோடு.

கடையில் நடந்ததைக் கூடப் போன பையன் வந்து சொன்னான். மாமா வாங்கிக்கொண்டு வந்த அரை இஞ்சு எல்போ வெள்ளை பிவிசி. அரை இஞ்சு சிபிவிசி பைப்பை அதில் நுழைத்தால் லொடலொடவென்று ஆடுகிறது. இதுவும் அரை, அதுவும் அரை, எப்படிச் சேராமல் போகும் என்று மாமா திரும்பவும் கடைக்குப் போய், அங்கே கிடந்த பைப்பை எல்லாம் அளக்க ஆரம்பித்துவிட்டார். அரை இஞ்சு என்றால் 12.7 மில்லிமீட்டர். அரை இஞ்சு ஜிஐ வெளியே 21, உள்ளே 16. பிவிசியும் வெளியே 21. சிபிவிசி வெளியே 16. "அரை எங்கேய்யா?" என்று கடைக்காரரைக் கேட்டிருக்கிறார். ஆயுசு முழுக்க நிலத்தை லிங்க்ஸ் கணக்கில் அளந்தவருக்கு இது நியாயமான கோபம்தான். கடைக்காரர் பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "சார், நீங்க எடுத்துக்கிட்டுப் போங்க, காசு அப்புறம் குடுங்க" என்று அனுப்பி வைத்தாராம்.

விளக்கம் சொன்னது பிளம்பர் அண்ணன்தான். "அந்தக் காலத்துல இரும்பு பைப் தடியா இருந்துச்சு சார், உள்ள ஓட்ட அரை இஞ்சுக்குக் கிட்ட இருந்துச்சு. அப்பால பைப்பு மெலிஞ்சுச்சு, உள்ள அகலமாச்சு. வெளி அளவ மாத்தினா பழைய த்ரெட்டு சேராதில்ல? அதால பேர அப்படியே உட்டுட்டாங்க. எங்க ஊர்ல சின்னப்பையன்னு ஒருத்தர் கீறாரு. எழுவது வயசு. பேத்திக்கே கல்யாணம் ஆயிடுச்சு. இன்னமும் சின்னப்பையன்தான்." மாமா ஸ்கேலைப் பைக்குள் வைத்துவிட்டார்.

வேலை மும்முரமாக நடந்தது. பழைய லைனை டேங்க்கில் இருந்து கழற்றியாயிற்று, புதிய பைப்புக்குச் சொல்யூஷன் தடவி ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். சரியாக அந்த நேரம் பார்த்துத் தெருவில் குரல் கேட்டது: "காவிரித் தண்ணி வந்துடுச்சு!"

மேட்டூர்ப் பக்கம் இருந்து அவ்வளவு தூரம் கடந்து வருகிற தண்ணி. நாம் காலையில் இருந்து பாத்திரத்தை வைத்துக்கொண்டு வாசலில் காத்திருக்கும் நாளில் அது வராது. வீட்டில் பைப்பை அறுத்துப் போட்டிருக்கும் நாளில் கண்டிப்பாக வரும். குடம், அண்டா, டிரம், குக்கர் என்று வீட்டில் குழிவாக இருந்ததெல்லாம் வாசலுக்குப் போனது. அந்தப் பரபரப்பில் அத்தை பழக்கதோஷத்தில் மோட்டார் சுவிட்சையும் தட்டிவிட்டார். டேங்க் வாய் பிளந்து கிடக்கிறது என்பது நினைவுக்கு வரவில்லை.

மொட்டை மாடியில் இருந்து அண்ணன் போட்ட கூச்சல் சித்தூர் வரை கேட்டிருக்கும். நாங்கள் ஓடிப் போய்ப் பார்த்தால், டேங்க் ஓட்டையில் இருந்து தண்ணி நேராகப் பையன் தலையில் கொட்டுகிறது. கத்தரி வெயில். தரையில் கால் வைத்தால் தோல் உரியும். பையன் நகரவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றவன், எங்களைப் பார்த்ததும், "அக்கா, சோப்பு கீதா?" என்றான்.

ஒட்டிய இரண்டு ஜாயிண்ட் வீணாகி, வெட்டிப் போட்டுத் திரும்பவும் ஒட்டினார்கள். அது காயும்வரை யாரும் எந்த சுவிட்சையும் தொடக் கூடாது என்று மோட்டார் பக்கத்தில் மாமாவே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம் மாடிக் குழாயைத் திறந்தோம். உஸ்ஸென்று காற்று வந்தது, இரண்டு தரம் இருமியது, அப்புறம் ஒன்றுமில்லை. ஏர் லாக். அண்ணன் ஒரு டியூபை எடுத்து மோட்டார் லைன் குழாய்க்கும் இதற்குமாக மாட்டி, அடியில் இருந்து தண்ணியை ஏற்றிக் காற்றை டேங்க் பக்கமாகத் தள்ளினார். டியூபைக் கழற்றியதும் கொட்டியது பாருங்கள், பக்கெட் அடி சத்தம் கீழே கேட்டது.

அறுத்த பைப் துண்டை நான் பழைய இரும்புக்குப் போட எடுத்து வைத்திருந்தேன். மறுநாள் காலை அது ஹால் ஷோகேஸில் இருந்தது. ஒரு பக்கம் நாத்தனார் வாங்கிய கோலப் போட்டிக் கோப்பை, இன்னொரு பக்கம் தஞ்சாவூர்ப் பொம்மை, நடுவில் துடைத்து எண்ணெய் போட்ட பி கிளாஸ். பால்காரர், கேஸ் சிலிண்டர் போட வந்த தம்பி, அத்தையின் அண்ணன் என்று வந்தவர் யாரும் ரீஃபிலை நுழைத்துப் பார்க்காமல் திரும்பிப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டுமாவது அதை எடுத்து வையுங்கள் என்று அத்தை கெஞ்சினார். மாமா சரி என்றார். எடுக்கவில்லை.

ஞாயிறு வேன் வந்தது. ஆற்காட்டில் இருந்து வரவழைத்த மக்கன் பேடா, பஜ்ஜி, கேசரி எல்லாம் தயார். நாத்தனார் காபித் தட்டோடு சமையலறை வாசலில் நிற்கிறாள். மாப்பிள்ளையின் அப்பாவுக்கோ கண் ஷோகேஸை விட்டு நகரவில்லை.

"அது என்னங்க, ஜிஐயா?"

"பி கிளாஸ்" என்றார் மாமா.

அவர் குடிநீர் வடிகால் வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற இன்ஜினியர் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஜாதகத்தில் அதெல்லாம் எழுதியிருக்கவில்லை. அவர் துண்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். "பைப்போட உள் விட்டம் பாதியாயிட்டா தண்ணி பாதி வரும்னு எல்லாரும் நினைக்கிறாங்க. இல்லீங்க. அதே பிரஷர்ல சுமார் ஆறுல ஒரு பங்குதான் வரும். இதுல துரு வேற சொரசொரன்னு இருக்கு. இன்னும் குறையும்."

மாமாவுக்குத் தான் பேச வேண்டிய ஆளை இத்தனை வருஷம் கழித்துக் கண்டுபிடித்த சந்தோஷம். புது லைனைக் காட்டுகிறேன் என்று அவரை மாடிக்கு அழைத்துக்கொண்டு போனார். அவர் பின்னால் அவர் மனைவி, மனைவிக்குப் பின்னால் சித்தப்பா, பெரியம்மா, வேன் டிரைவர். மரியாதைக்காக அத்தையும் வீட்டுக்காரரும். மேலே குழாயைத் திறந்து மூடுகிற சத்தமும் "அடேங்கப்பா" என்கிற குரலும் மாறி மாறி வந்தன. காபி ஆடை கட்டிவிட்டது என்று நான் சமையலறைக்குள் போய்விட்டேன். ஹாலில் மிச்சம் இருந்தது பையனும் பெண்ணும்தான். தனியாகப் பேசணும் என்று யாரும் கேட்கவில்லை, யாரும் அனுமதி கொடுக்கவும் இல்லை. இறங்கி வந்தவர்கள் பார்த்தபோது இரண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். எதற்கு என்று நாத்தனார் இதுவரை சொல்லவில்லை.

ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பினார்கள். அந்த வாரம் குடியாத்தத்தில் இருந்து போன் வந்தது. அத்தை ஓடி வந்து ஸ்பீக்கரில் போட்டார். சம்பந்தி ஆகப்போகிறவர், "உங்க பிளம்பர் நம்பர் கொஞ்சம் குடுங்க" என்றார். கொடுத்தோம். வைத்துவிட்டார்.

பிளம்பர் அண்ணன் குடியாத்தம் போய் வேலையை முடித்துவிட்டு எங்கள் வீட்டுப் பாக்கிப் பணத்துக்கு வந்தார். அத்தை அவரைத் திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்தார். கல்யாணத் தரகரைக்கூட அத்தை இப்படிக் குடைந்து நான் பார்த்ததில்லை.

"வீடு எப்படிப்பா?"

"மூணு பாத்ரூமு. எல்லாம் பழைய ஜிஐ. நான் போனதும், எவன் சார் போட்டான் இதன்னு கேட்டுட்டேன். அவரே டிசைன் பண்ணாராம்."

"அத விடு. அந்த அம்மா எப்படி?"

அண்ணன் மோரைக் குடித்துவிட்டு யோசித்தார். "வேல முடியறதுக்குள்ள மூணு வாட்டி டீ. நான் செவுத்துல ஓட்ட போட்டப்ப ஒரு வார்த்த பேசல. தூசிய அவங்களே பெருக்கினாங்க. அவங்க பையன் வந்து ஏணிய புடிச்சுகினான்."

அத்தை எழுந்து உள்ளே போய், ஷோகேஸைத் துடைத்துக்கொண்டிருந்த மாமாவிடம் சொன்னார்: "அவங்க கூப்பிடற வரைக்கும் இன்னா காத்துகினு இருக்கறது? நாமளே போன் போட்டு எங்களுக்குச் சம்மதம்னு சொல்லிடுங்க."