அம்மாவுக்கு வராத கடிதம்

அப்பா இறந்தபிறகு, அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்துக்காகக் கடலூரில் ஓர் அலுவலகத்துக்கு 11 மாதம் நடந்தோம். போகும்போதெல்லாம் ஒரே பதில்: "மேல எழுதியிருக்கோம்மா, வரும்." யாருக்கு, என்றைக்கு எழுதினார்கள் என்று ஒரு துண்டுத்தாள்கூடக் காட்டவில்லை.

பக்கத்து வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்தான் வழி சொன்னார். "தகவல் உரிமைச் சட்டத்துல போடு தம்பி. ஆனா ஏன் தாமதம்னு கேக்காதே, அதுக்கு விளக்கம் எழுத அவங்க கடமைப்பட்டவங்க இல்ல. கோப்புல இருக்கற தாளைக் கேளு."

சரி என்று 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, மஞ்சக்குப்பத்தில் பதிவுத் தபாலில் போட்டேன். கேட்டது இரண்டுதான்: அம்மாவின் மனு பற்றிய குறிப்புக் கோப்பின் நகல், எங்கள் ந.க. எண்ணுக்கு, அதாவது மனுவுக்கு அலுவலகம் கொடுத்த கோப்பு எண்ணுக்கு, தபால் அனுப்பிய பதிவேட்டின் நகல்.

28ஆம் நாள் பதில் வந்தது. "அலுவலக உள்குறிப்பு என்பதால் வழங்க இயலாது." பலர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(எஃப்) பிரிவு, குறிப்பு, கருத்து, ஆலோசனை, மின்னஞ்சல் எல்லாவற்றையும் 'தகவல்' என்றே சொல்கிறது. எதை மறுக்கலாம் என்பது 8, 9ஆம் பிரிவுகளில் இருக்கிறது. உள்குறிப்பு என்ற ஒரே காரணத்துக்காக மறுக்க அங்கே இடமில்லை. இதையே எழுதி, 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்தேன். அதற்குக் கட்டணம் கிடையாது.

அப்புறம் 14 பக்கம் கிடைத்தது, பக்கத்துக்கு 2 ரூபாய். ஆறாம் பக்கத்தில் எழுத்தரின் குறிப்பு: "மனுதாரரின் பிறந்த தேதி ஆதாரில் ஒன்றாகவும் பணிப்பதிவேட்டில் வேறாகவும் உள்ளது. சான்று கேட்டுக் கடிதம் அனுப்பலாம்." கீழே அதிகாரியின் பச்சை மைக் கையெழுத்து. நாங்கள் நடக்கத் தொடங்கிய மூன்றாம் மாதத்துத் தேதி! தபால் பதிவேட்டிலோ எங்கள் எண்ணுக்கு ஒரு வரிகூட இல்லை. பாதிக்கப்படுபவருக்கு முடிவின் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு. இங்கே காரணம் கோப்புக்குள் எழுதியாகிவிட்டது, அம்மாவிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

அம்மாவின் பள்ளிச் சான்று பீரோவில்தான் இருந்தது. மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தோம். அடுத்த மாதம் ஆணை வந்தது.