அம்மாவின் முதுகும் 80 பி.எஸ்.ஐ.யும்

காரைக்குடியிலிருந்து வந்திருந்த அம்மா, ஹூஸ்டனில் என் பிக்கப்பின் பின்சீட்டில் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுக் கேட்டார்: "ஏன்டா, இது லாரியா, கட்டை வண்டியா?"

‘முக்கால் டன்’ என்று சொல்லும் கனரக ரக டீசல் பிக்கப். பின்னால் 10,000 பவுண்டு ஃபிஃப்த் வீல் கேம்பர், அதாவது பிக்கப்பின் தொட்டிக்குள் கொக்கி மாட்டி இழுக்கும் வீட்டு வண்டி, இழுக்கிறேன். பழைய டயர் ஆல் டெரெய்ன், கரடுமுரடான பாதைக்கும் ஏற்ற முரட்டு ரகம். தேயத் தேய வண்டு மாதிரி ரீங்காரம். மாற்றும் நேரம்தான்.

கடைக்காரர் ஒரு டயரைக் காட்டினார். அதே 275/70ஆர்18 சைஸ், மெத்தென்று போகும், விலையும் குறைவு. ஆசையாக இருந்தது. ஆனால் பக்கவாட்டில் எல்.டி. (லைட் டிரக்) என்ற எழுத்து இல்லை, பாரம் தாங்கும் அளவைச் சொல்லும் எண் 116. அதாவது கார் ரக டயர். ஒன்று 2,756 பவுண்டு தாங்கும். பிக்கப்பில் போட்டால் அதையும் 1.1-ஆல் வகுக்க வேண்டும், மிஞ்சுவது 2,505.

போதுமா? ஊகிக்காமல், கேம்பரை மாட்டிக்கொண்டு, தண்ணீர், சாமான், குடும்பம் சகிதம் ஐ-10 நெடுஞ்சாலை ஓரத்து டிரக் ஸ்டாப் எடைமேடையில் ஏறினேன். எடைச்சீட்டில் பின் அச்சு 5,820 பவுண்டு. ஒரு டயருக்கு 2,910. கதை முடிந்தது.

கடைசியில் வாங்கியது எல்.டி., லோடு ரேஞ்ச் ஈ என்ற கனபார ரகம், எண் 125: 80 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தில் 3,640 பவுண்டு தாங்கும். ஆனால் தரையில் படும் பட்டன் மட்டும் தார்ச்சாலைக்கான ஹைவே ரகம். சேற்றில் இறங்காதவனுக்கு முரட்டுப் பட்டன் எதற்கு? ஒன்று 240 டாலர். மாட்டுவதற்கு முன், டயரில் பொறித்திருக்கும் டாட் எண்ணில் தயாரித்த தேதியைச் சொல்லும் கடைசி நான்கு இலக்கத்தைப் பார்த்தேன். மூன்றில் 3524, அதாவது 2024-இன் 35-வது வாரம். நான்காவதில் 0820! "புதுசுதான் சார், ஓடவே இல்லை" என்றார் கடைக்காரர். ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயசாகும். திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினேன்.

அப்படியும் வீட்டுக்கு வரும் வழியில் தூக்கித் தூக்கிப் போட்டது. கேஜ் வைத்தால் நாலிலும் 80! டயர் மேல் அச்சடித்திருந்த உச்ச அளவைப் பார்த்து அடித்துவிட்டார்கள். வண்டிக் கம்பெனி சொல்லும் அளவு என் கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் இருக்கிறது: முன்னே 60, பின்னே 65. காலையில் டயர் சூடேறுமுன் அந்த அளவுக்கு இறக்கினேன். வண்டியே வேறாகிவிட்டது. கேம்பர் மாட்டும் நாளில் பின்னால் மட்டும் ஏற்றிக்கொள்கிறேன், டயர் கம்பெனியின் லோடு அட்டவணையைப் பார்த்து.

போன வாரம் மேற்கே போனோம். சான் அன்டோனியோ தாண்டியதும் தூங்கிய அம்மா, ஜங்ஷன் ஊரில் டீசல் போட நிறுத்தியபோதுதான் கண் திறந்தார்.

"ஏன்டா நிறுத்திட்டே?"